கடலுக்கு மேல் 35 நிமிடங்கள்: பாதியில் திரும்பிய ஒரு நெடுந்தூர விமானச் சேவை குறித்து

சிங்கப்பூரில் மகன் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்துவிட்டு, மகளைப் பார்ப்பதற்காக அங்கிருந்து ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குச் செல்லும் காலை விமானத்தில் சென்ற ஆண்டு புறப்பட்டேன். பதின்மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய அந்த விமானம், மேலெழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது. இடையில் தென்சீனக் கடலுக்கு மேலே வட்டமடித்தபடி, அறுபது டன்னுக்கு மேற்பட்ட எரிபொருளைத் தன் இறக்கைகளிலிருந்து காற்றில் வெளியேற்றியது. விமானச் சேவைகளை மதிப்பிட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் இருக்கையின் அகலத்தையும் உணவின் சுவையையும் பொழுதுபோக்குத் திரையின் தரத்தையும் எடைபோடுவார்கள். எங்கள் பயணத்தில் அவற்றுக்கெல்லாம் நேரம் வாய்க்கவில்லை. ஆகவே எனக்குக் கிடைத்த சேவையைப் பற்றியே எழுதுகிறேன். அதாவது, ஒரு கோளாறை அந்நிறுவனம் எப்படிக் கையாண்டது, உள்ளே அமர்ந்திருந்த முந்நூறு பேருக்கு அதை எப்படி விளக்கியது என்பதைப் பற்றி. நெடுந்தூர விமானத்தில் ஏறும் எவருக்கும், எந்த நிறுவனத்திலும் இது நேரக்கூடும் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

விமானம் போயிங் 777-300ஈஆர் வகையைச் சேர்ந்தது. மேலெழுந்தபின் சக்கரங்கள் உள்ளே மடங்கும்போது கேட்கும் இரைச்சல் சில நொடிகளில் அடங்கிவிடுவது வழக்கம். அன்று அது அடங்கவில்லை, காலடியில் சீரான அதிர்வு ஒன்று தொடர்ந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரத்துக்குப் பின் தலைமை விமானி பேசினார். சக்கரக் கூண்டின் கதவுகளுள் ஒன்று மூடிக்கொள்ளவில்லை என்றும், கதவு திறந்திருக்கும் நிலையில் முழு வேகத்தில் பறக்க முடியாது என்றும், காற்றின் தடை மிகுவதால் இருக்கும் எரிபொருள் சேருமிடம் வரை போதாது என்றும், எனவே சிங்கப்பூருக்கே திரும்புவதாகவும் சொன்னார். ஆனால் உடனே தரையிறங்கப் போவதில்லை, விமானத்தின் எடையைக் குறைப்பதற்காகக் கடலுக்கு மேலே சென்று எரிபொருளை வெளியேற்றப் போகிறோம், அதற்கு 35 நிமிடங்கள் ஆகும் என்று முடித்தார். சொல்ல வேண்டியதை வரிசையாக, பதற்றமின்றிச் சொன்னார். பள்ளியில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் என்பதால், அவர் சொல்லாமல் விட்ட காரணங்களை நானே நிரப்பிக்கொள்ள முடிந்தது. சுற்றியிருந்த பலரால் அது முடியவில்லை என்பதை அடுத்த சில நிமிடங்களில் கண்டேன்.

என் பக்கத்து இருக்கையில், சன்னலோரம், தேவகோட்டையைச் சேர்ந்த ஆச்சி ஒருவர் அமர்ந்திருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல், பேத்தியின் பேறுகாலத்துக்கு உதவியாகத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். அறிவிப்பு ஆங்கிலத்திலும் அந்நிறுவனத்தின் சொந்த நாட்டு மொழியிலும் மட்டுமே வந்ததால், அதில் ஒரு சொல்லும் அவருக்கு எட்டவில்லை. இறக்கையின் பின்விளிம்பிலிருந்து வெண்ணிறத் தாரை ஒன்று பீறிட்டு, பின்னால் புகைமண்டலம்போல் விரிவதைப் பார்த்ததும் அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, றெக்கையில புகை வருதே, யாருக்கும் தெரியலையா?" என்று கேட்டார். அது எரிபொருள், விமானியே வேண்டுமென்று வெளியேற்றுகிறார் என்று விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, "எண்ணெய் இருந்தாத்தானே பறக்க முடியும்? கோளாறுன்னு திரும்புற நேரத்துல அதை எதுக்குக் கொட்டணும்?" என்று கேட்டார். ஓர் ஆசிரியனாக இதைவிடச் சரியான கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு பெரிய விமானத்துக்கும் இரண்டு எடை வரம்புகள் உண்டு. புறப்படும்போது இருக்கலாகும் உச்ச எடை ஒன்று, தரையிறங்கும்போது இருக்கலாகும் உச்ச எடை மற்றொன்று. நாங்கள் சென்ற வகைக்கு முதலாவது ஏறத்தாழ 351 டன், இரண்டாவது ஏறத்தாழ 251 டன். இடையிலுள்ள 100 டன் என்பது, வழியில் எரிந்து தீரும் எரிபொருளைக் கணக்கில் கொண்டு வைக்கப்பட்ட வேறுபாடு. வழக்கமான நாளில் பயணம் முடிவதற்குள் எடை தானாகவே குறைந்துவிடும், விமானி அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே திரும்ப நேர்ந்தால்தான் எரிக்கப்படாத எரிபொருள் பாரமாகிறது. இரண்டு வரம்புகளும் ஒன்றாக இருக்கும்படி விமானத்தைக் கட்ட முடியாதா என்றால், முடியும். ஆனால் அதற்கு வேண்டிய கனத்த சக்கரத் தொகுதியையும் கூடுதல் உலோகத்தையும், என்றோ ஒரு நாள் நேரக்கூடிய திரும்புதலுக்காக, விமானம் தன் ஆயுள் முழுவதும் ஒவ்வொரு பயணத்திலும் சுமந்து திரிய வேண்டியிருக்கும்.

அந்தப் பாரத்தோடு இறங்கினால் என்ன ஆகும் என்பதில்தான் தவறான கருத்துகள் மிகுதி. அதிக எடையோடு இறங்கினால் விமானம் இரண்டாக முறிந்துவிடும் என்று எங்கள் வரிசையிலேயே ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை அப்படியில்லை. வடிவமைப்பு விதிகளின்படி, தரையிறங்கும் உச்ச எடையில் வினாடிக்கு 10 அடி என்ற இறங்கு வேகத்தையும், புறப்படும் உச்ச எடையிலேயே வந்தாலும் வினாடிக்கு 6 அடி என்ற இறங்கு வேகத்தையும் சக்கரத் தொகுதி தாங்கியாக வேண்டும். வழக்கமான தரையிறக்கத்தில் சக்கரம் தரையைத் தொடும் வேகம் வினாடிக்கு இரண்டு மூன்று அடியே. எனவே கவனமாக இறக்கினால் முழு எடையையும் விமானம் தாங்கும். கடைசி நொடியில் ஒரு குறுக்குக்காற்று தள்ளினாலோ விமானியின் கணிப்பு சற்றே பிசகினாலோ ஈடுகொடுப்பதற்கென்று வைத்திருக்கும் இடைவெளிதான் குறுகிவிடுகிறது. எடை வரம்பை மீறி இறங்கிய விமானத்தை, சிறப்பு ஆய்வு செய்து முடிக்காமல் மறுபடி பறக்க விடவும் கூடாது.

பிரேக்கின் கணக்கு இன்னும் கடுமையானது. விமானத்தின் எடை கூடினால், அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய குறைந்தபட்ச வேகமும் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 251 டன்னுக்குப் பதிலாக 351 டன்னோடு இறங்குவதாக வைத்துக்கொள்வோம்: எடை 1.4 மடங்கு, வேகம் ஏறத்தாழ 1.18 மடங்கு. இயக்க ஆற்றல் எடையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகுவதால், ஓடுபாதையில் பிரேக்குகள் வெப்பமாக மாற்றித் தீர்க்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. அந்த வெப்பத்தில் டயர்கள் வெடித்துவிடாமல் இருக்க, சக்கரங்களில் குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகிக் காற்றை வெளியேற்றும் அடைப்புகளை வைத்திருக்கிறார்கள். அவை காக்கும் என்றாலும், டயர்கள் காற்றிழந்து, பழுக்கச் சூடேறிய பிரேக்குகளோடு, டேங்குகளில் நூறு டன் எரிபொருளோடு ஓடுபாதையின் நடுவே நிற்கும் விமானம் எவரும் விரும்பி ஏற்கும் நிலையில்லை.

மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. பொதுவாகப் பேசப்படாத இதையே எரிபொருள் வெளியேற்றும் அமைப்பைக் கட்டாயமாக்கும் அமெரிக்க விதி அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. இறங்கும் முயற்சி கடைசி நேரத்தில் கைகூடாமல் போனால், விமானம் மீண்டும் மேலேற வேண்டும். ஓர் இன்ஜின் செயலிழந்திருந்தாலும் போதிய சரிவில் ஏறியாக வேண்டும். புறப்படும் உச்ச எடையிலிருந்து 15 நிமிடப் பறத்தலுக்கான எரிபொருளை மட்டும் கழித்த எடையிலும் இது ஒரு விமானத்தால் முடியுமானால், அதற்கு வெளியேற்றும் அமைப்பு தேவையில்லை. முடியாதென்றால் அமைப்பு இருந்தே தீர வேண்டும்.

நம் ஊர் வானில் அண்மையில் நடந்த ஒன்றைப் புரிந்துகொள்ளவும் இவ்விதி உதவுகிறது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறு காரணமாக இரண்டரை மணி நேரம் அப்பகுதியிலேயே சுற்றிச் சுற்றிப் பறந்து, பின்னர் பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது. தமிழ்நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து அன்று மாலை கேட்ட கேள்வி, எரிபொருளைக் கொட்டிவிட்டு உடனே இறங்கக் கூடாதா என்பதுதான். அது போயிங் 737. அவ்வகை விமானத்திலும் ஏர்பஸ் ஏ320 குடும்பத்திலும் எரிபொருளை வெளியேற்றும் அமைப்பே கிடையாது. அவற்றின் இரு எடை வரம்புகளுக்கும் இடையிலான வேறுபாடு சிறியது, மேலேறும் திறனும் விதியை நிறைவுசெய்கிறது. எடையைக் குறைக்க அவற்றுக்கிருக்கும் வழி எரிபொருளை எரித்துத் தீர்ப்பதே. அந்த விமானி இரண்டரை மணி நேரம் செய்த வேலையைத்தான் எங்கள் விமானி 35 நிமிடங்களில் செய்தார்.

அமைப்பின் வேலைமுறை எளிமையானது. இறக்கையின் பின்விளிம்பில், வெளிப்பக்கமாக, பக்கத்துக்கு ஒரு குழாய்முனை இருக்கிறது. இன்ஜினின் வெப்பக் காற்று படாத இடமாகப் பார்த்து அதை அமைத்திருக்கிறார்கள். விமானி மேற்புறப் பலகையிலுள்ள விசையைத் தட்டி, எவ்வளவு எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதைக் குறித்துவிட்டு வால்வுகளைத் திறந்தால், டேங்கிலுள்ள பம்புகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன் வீதம் வெளியே தள்ளும். குறித்த அளவு வந்ததும் தானே நின்றுவிடும். விமானி மறந்தே போனாலும் டேங்க் வறண்டுவிடாது; 10,000 அடிக்கு ஏறி மேலும் 45 நிமிடங்கள் பறப்பதற்கான எரிபொருள் எஞ்சும்படி அமைப்பைக் கட்ட வேண்டும் என்பது விதி. ஆச்சியின் முதல் கேள்விக்கு இதுவே நேரான விடை: பறப்பதற்கு வேண்டியதைத் தொடுவதில்லை, மிகையாக இருப்பதையே வெளியேற்றுகிறார்கள்.

அவர் அத்தோடு விடவில்லை. "கடல்ல கொட்டுனா மீனுக்கு ஆகாதே தம்பி, மீன்பிடிக்கிறவுக படகு கீழ இருக்குமே?" என்றார். விமான எரிபொருள் நாம் அடுப்பில் ஊற்றிய மண்ணெண்ணெயின் உறவுதான். ஆனால் மணிக்கு நூற்றுக்கணக்கான மைல் வேகத்தில் செல்லும் இறக்கையிலிருந்து வெளியேறும்போது அது தாரையாகக் கீழே விழுவதில்லை, நுண்துளிகளாகச் சிதறிப் பெரும்பகுதி தரையை எட்டுமுன் ஆவியாகிவிடுகிறது. போதிய உயரத்தில் செய்தால் மட்டுமே இது நடக்கும். அதனால்தான் பன்னாட்டு நடைமுறை, 6,000 அடிக்குக் குறையாத உயரத்தையும் மக்கள் வாழும் ஊர்களைத் தவிர்த்த பாதையையும், இயன்றால் கடற்பரப்பையும் பரிந்துரைக்கிறது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் மற்ற விமானங்களையும் விலக்கி வைக்கிறார்கள். எங்கள் இருக்கைத் திரையில் உயரம் 10,000 அடியில் நிலைத்திருந்ததை ஆச்சிக்குக் காட்டினேன். ஆவியான எரிபொருள் மறைந்து போய்விடுவதில்லை, காற்றில் கலந்து மாசாகத்தான் தங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவசரத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டிய தீங்கு அது.

உயரத்தைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2020 ஜனவரி 14 சான்று. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஷாங்காய்க்குப் புறப்பட்ட டெல்டா 89 விமானம், இன்ஜின் கோளாறால் உடனே திரும்பியது. எரிபொருளை வெளியேற்ற வேண்டுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டபோது வேண்டாம் என்று விமானிகள் சொன்னார்கள். பின்னர், மிகத் தாழ்வாக, நகரத்துக்கு மேலே வரும்போதே வெளியேற்றினார்கள். கடஹே என்ற ஊரின் தொடக்கப் பள்ளி உட்படப் பல பள்ளிகளின் மைதானங்களில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள்மீதும் ஆசிரியர்கள்மீதும் எரிபொருள் துளிகள் மழையாக விழுந்தன. ஏறத்தாழ 60 பேருக்குத் தோல், கண் எரிச்சலுக்காகச் சிகிச்சை அளிக்க நேர்ந்தது. இடைவேளை மணி அடித்ததும் வெளியே ஓடிவரும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில், இச்செய்தியை இன்றும் என்னால் அமைதியாகப் படிக்க முடிவதில்லை. எங்கள் விமானி கடலைத் தேடிச் சென்றதை நான் நற்சேவையின் முதல் அடையாளமாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு பக்கமும் உண்டு. எரிபொருளை வெளியேற்ற நேரம் வேண்டும். எல்லாக் கோளாறும் நேரம் தருவதில்லை. 1998 செப்டம்பர் 2 இரவு நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குச் சென்ற ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில் புகை கண்டதும் ஹாலிஃபாக்ஸ் நோக்கித் திரும்பினார்கள். எடையைக் குறைப்பதற்காகக் கடல் பக்கம் விலகினார்கள். சிறிது நேரத்தில் தீ முற்றி விமானம் கனடாவின் கரையருகே கடலில் விழுந்தது, 229 பேரும் இறந்தார்கள். நேராகச் சென்றிருந்தாலும் தீ பரவிய வேகத்தில் ஓடுபாதையை எட்டியிருக்க முடியாது என்பதே விசாரணையின் முடிவு. ஆனாலும் புகையோ தீயோ என்றால் எடையைப் பாராமல் இறங்குவதே முதன்மை என்ற எண்ணம் அதற்குப் பின் விமானிகளிடம் ஆழமாக வேரூன்றியது. சிங்கப்பூரிலேயே 2010 நவம்பர் 4 அன்று, இன்ஜின் சிதறிய குவாண்டாஸ் 32 விமானம் 469 பேரோடு சாங்கி நிலையத்தில் இறங்கியபோது, சிதறல்களால் வெளியேற்றும் அமைப்பும் பழுதாகியிருந்தது. தரையிறங்கும் வரம்பைவிட ஏறத்தாழ 50 டன் மிகுதியோடு இறங்கிய அந்த ஏ380 வகை விமானம், நான்கு டயர்கள் வெடித்த நிலையில், ஓடுபாதையின் முடிவுக்கு ஏறத்தாழ 150 மீட்டர் முன்னால் நின்றது. அதே ஓடுதளங்களை நோக்கித்தான் நாங்களும் வந்துகொண்டிருந்தோம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது எங்கள் விமானியின் முடிவில் ஒரு குறையும் காண முடியவில்லை. தீ இல்லை, புகை இல்லை, இரண்டு இன்ஜின்களும் இயங்கின. நேரம் அவர் கையில் இருந்தது. கோளாறோ சக்கரக் கூண்டில். ஆகவே அந்தச் சக்கரங்கள்மீது விழும் பாரத்தை இயன்றவரை குறைத்து இறங்குவதே அறிவுடைமை. எரிந்தும் வெளியேறியும் எழுபது டன்னுக்கு மேல் குறைந்தபின், தீயணைப்பு வண்டிகள் ஓரத்தில் அணிவகுத்திருக்க, விமானம் இறங்கிய விதம் அவ்வளவு மென்மையாக இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதை ஆச்சி உணரவே இல்லை. வண்டிகள் பிரேக்குகளைச் சோதித்துவிட்டு விலகின. பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள எரிபொருளை, எங்கள் பாதுகாப்புக்கு என்றால், தயங்காமல் இழக்க அந்நிறுவனம் தன் விமானிக்கு உரிமை கொடுத்திருந்தது. நான் செலுத்திய கட்டணத்தில் மிக நன்றாகச் செலவான பகுதி அதுதான் என்று மனமார நம்புகிறேன்.

குறை, விளக்கத்தில் இருந்தது. எரிபொருள் வெளியேறத் தொடங்கும் முன், "இறக்கையிலிருந்து வெண்மையாக ஒன்று வெளிவரும், அது புகையன்று" என்ற ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், வலப்பக்கச் சன்னல் வரிசையில் எழுந்த அலறல்களில் பாதி எழுந்திருக்காது. பணிப்பெண்கள் கனிவாக இருந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள். ஆனால் ஏன் கொட்டுகிறார்கள் என்று கேட்டவர்களிடம், கவலைப்படாதீர்கள் என்பதைத் தவிர அவர்களிடம் விடை இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அதைப் பயிற்றுவிக்காதவர்களைச் சொல்கிறேன். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானத்தில், கணிசமான தமிழ்ப் பயணிகள் இருக்கும்போது, பதிவுசெய்த தமிழ் அறிவிப்பு ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் இல்லாதிருந்தால் அந்த 35 நிமிடங்களையும் ஆச்சி, விமானம் எரிகிறது என்ற எண்ணத்தோடேயே கழித்திருப்பார்.

தரைச் சேவை ஒழுங்காக இருந்தது. தங்கும் விடுதி, உணவு, மறுநாள் காலை மாற்று விமானத்தில் இடம் ஆகியவற்றை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொடுத்தார்கள். ஆச்சிக்குச் சக்கர நாற்காலியும், பேத்தி வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வசதியும் கேட்டவுடன் கிடைத்தன.

பாதுகாப்புக்கு முழு மதிப்பெண்ணும், தரைச் சேவைக்கு நல்ல மதிப்பெண்ணும், பயணிகளுக்கு விளக்கியதற்குப் பாதிக்கும் குறைவான மதிப்பெண்ணும் தருவேன். இந்நிறுவனத்தில் மறுபடியும் பயணம் செய்வேனா என்றால், செய்தேன். மறுநாளே, அதே வகை விமானத்தில், இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டு. மேலெழுந்ததும் சக்கரங்கள் உள்ளே மடங்கும் ஓசை எழுந்தது. ஆச்சி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அடங்கியதும், "கதவு மூடிருச்சு தம்பி" என்றார். பிறகு சன்னல் வழியே இறக்கையின் பின்விளிம்பைக் காட்டி, எண்ணெய் வருகிற குழாய் அதுதானே என்று கேட்டார். அதுதான் என்றேன்.